நிலுவையில் பூச்சியம்

வந்திருந்தவர்கள்: ஹெலன் பிரைஸ், தலைவர். இன்ஸ்பெக்டர் டாய்ல், துப்பாக்கி உரிமப் பிரிவு. கம்சிகா, தரவு அலுவலர். குடியிருப்பாளர் பிரதிநிதிகள் மூவர்: ஒசேய், பத்மநாதன், பாலேந்திரா. வராதவர்கள்: எவருமில்லை.

ஹெலன் இதை எழுதி முடிப்பதற்குள் பாலேந்திரா மூன்று தடவை கதிரையை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துவிட்டான். லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு சமூக மண்டபத்தின் மாடி அறை அது. கீழே பிள்ளைகளுக்கு யாரோ கராத்தே பழக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு உதைக்கும் மேசையில் இருந்த தேநீர்க் கோப்பைகள் மெல்லக் கிலுகிலுத்தன. ஹீட்டரைக் குறைக்க வழியில்லை. ஒசேய் ஏற்கெனவே கோட்டைக் கழற்றி மடியில் போட்டிருந்தார்.

"ஏன்ராப்பா இப்பிடி நெளியிறாய்?" என்றார் பக்கத்தில் இருந்த பத்மநாதன், வாயசையாமல். "மூலம் கீலமோ? சொன்னா மருந்து தருவனே."

"கதிரை சரியில்லை அண்ணை."

"கதிரையையும் பெயில் போட்டிட்டியோ?"

பாலேந்திராவுக்கு வேலை அதுதான். ஹோ ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு கராஜில் கார்களுக்கு வருடாந்தப் பரிசோதனை செய்கிறான். காலையில் இருந்து மாலை வரை பாஸ், பெயில், பாஸ், பெயில். நாற்பத்தாறு வயது. பத்மநாதனுக்கு அறுபது, சிங்ஃபோர்ட் பக்கம் சொந்தமாக ஒரு மருந்துக் கடை. ஒருவர் சொல்லி மற்றவர் இந்தக் குழுவுக்குள் வந்தவர்கள். குழுவின் வேலை ஒன்றேதான். துப்பாக்கி உரிமம் கேட்டவர்கள் யார், யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்கு மறுத்தார்கள் என்பதை வயது, பால், இனம் என்று பிரித்துப் பொலிஸ் வருடத்துக்கொரு முறை பொதுமக்களுக்கு வெளியிடுகிறது. அந்த அட்டவணை எப்படி இருக்க வேண்டும் என்பதைக் குழு வாக்கெடுத்துச் சொல்லும்.

சித்திரை மாதக் கூட்டத்தில் இதே மேசையில் இருந்து பாலேந்திரா பெரிய பேச்சுப் பேசினான். எங்களை எல்லாம் 'மற்றைய ஆசியர்' என்ற சாக்குக்குள் போட்டுக் கட்டிவிடுகிறீர்கள். அதற்குள் இருப்பவன் பிலிப்பினோவா, நேபாளியா, நானா என்று எவருக்கும் தெரியாது. தமிழரைத் தனி வரியாகப் போடுங்கள். எத்தனை பேரை மறுக்கிறீர்கள் என்று நாங்களும் பார்க்கலாம். டாய்ல் முகத்தைச் சுளித்தார். ஹெலன் எழுதிக்கொண்டார். மூன்று கை உயர்ந்தது, தீர்மானம் நிறைவேறியது. அன்று முழுக்கப் பத்மநாதன் அவனுடைய முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த வரி வந்ததற்கே பத்மநாதன்தான் மூலகாரணம். குடிசன மதிப்புக் காலத்தில் மருந்துக் கடை கல்லாவில் துண்டுப்பிரசுரம் அடுக்கி வைத்து, இருமல் மருந்து வாங்க வந்தவனையும் விடாமல் பிடித்துச் சொன்னார்: இனம் கேட்கிற இடத்தில் 'மற்றவை'யில் புள்ளடி போட்டு, பக்கத்துப் பெட்டிக்குள் 'தமிழ்' என்று எழுது. சனம் எழுதியது. எழுதிப் பழகியது விடவில்லை. டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், நீச்சல்குளத்து விண்ணப்பத்தில், எங்கே அந்தப் பெட்டியைக் கண்டாலும் கை தானாகப் போய் எழுதியது. துப்பாக்கி உரிம விண்ணப்பத்திலும் எழுதியது. அவர்கள் எழுதாமல் விட்டிருந்தால் பாலேந்திரா இன்றைக்குக் கதிரையோடு மல்லுக்கட்ட வேண்டி வந்திராது.

துப்பாக்கி என்றவுடன் எதையும் பெரிதாக நினைக்கத் தேவையில்லை. எசெக்ஸில் ஒரு வயல்வெளி. யந்திரம் களிமண் தட்டுகளை வானத்தில் எறியும், அதைச் சுட வேண்டும். பத்மநாதன், சுஜீத், ரதீசன், பாலேந்திரா என்று நான்கு பேர். இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு. சுட்டு முடிந்தால் காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொத்துரொட்டி. மற்ற மூவருக்கும் இரண்டு வருடத்துக்கு முந்தியே உரிமம் வந்து, ஆளுக்கொரு துப்பாக்கியும் வாங்கிவிட்டார்கள். பாலேந்திரா மட்டும் மைதானத்துத் துப்பாக்கியால், பக்கத்தில் பயிற்சியாளர் நிற்க, சுடுவான். நால்வரில் அவன்தான் நன்றாகச் சுடுகிறவன்.

"உன்ர பேப்பர் வந்திட்டுதோ?" என்று ஒவ்வொரு ஞாயிறும் சுஜீத் கேட்பான்.

"பெண்டிங்கில கிடக்குது. பொலிசுக்கு என்ன அவசரம்."

இது பொய். ஆடி மாதமே கடிதம் வந்துவிட்டது. கராஜில் ஒரு வான் வண்டிக்குக் கீழே குழிக்குள் நின்று அதைப் படித்தான். மருத்துவக் காரணங்களுக்காக மறுக்கப்படுகிறது, மேன்முறையீடு செய்ய இருபத்தொரு நாள். இருபத்தொரு நாளும் போயிற்று. முறையிடுவது என்றால் வழக்கறிஞர், கோர்ட், சாட்சி. சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? பத்மநாதனைக் கூப்பிட்டால் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

காரணம் இருபத்துநாலு வருடம் பழையது. அப்போது அவன் பிளேஸ்டோவில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்தான். அகதிக் கேஸ் நடந்துகொண்டிருந்தது. வழக்கறிஞர் உடம்புத் தழும்புகளுக்கு அறிக்கை எடுக்க ஒரு டொக்டரிடம் அனுப்பினார். டொக்டர் நித்திரை வருகிறதா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். இரண்டு நாள் ரயில் நிலையத்தில் பிளாட்பாரத்தின் கடைசி முனையில் போய் நின்று, நிற்காமல் போகிற ரயில்களை எண்ணியதாக அவன் சொன்னான். ஏன் சொன்னான் என்று இன்றைக்கும் தெரியாது. பதினாலு மாதம் மருந்துக் குளிசை தந்தார்கள். பிறகு வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். மனைவி றூபினிக்குக்கூடச் சொன்னதில்லை. அவனைப் பொறுத்தவரை முடிந்த கதை. டொக்டரின் கம்ப்யூட்டருக்குத்தான் முடிந்த கதை என்று ஒன்று கிடையாது.

காரில் பழைய வெல்டிங் ஒட்டு இருந்தால் பாலேந்திரா பெயில் போடமாட்டான். சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பான். தாங்கினால் பாஸ். அவனை ஒருவரும் தட்டிப் பார்க்கவில்லை. கடிதத்தில் அவனுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது அதுதான்.

நேற்று மத்தியானம் கம்சிகாவுக்குப் போன் எடுத்தான். அட்டவணையைக் கூட்டத்தில்தான் தருவோம் என்று மின்னஞ்சல் வந்திருந்தது. அதுவரை பொறுக்க ஏலவில்லை.

"பிள்ளை, அந்தத் தமிழ் வரியில என்ன கிடக்கு?"

"அங்கிள், பேப்பர் நாளைக்குத் தான். இப்ப சொல்லக் கூடாது." கம்சிகா இங்கே பிறந்தவள். தமிழை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வைத்துப் பேசுவாள்.

"சும்மா கேக்கிறன். ஆளைக் கண்டுபிடிக்கிற மாதிரி வருமோ?"

"இல்லை அங்கிள். எனக்கே பேர் வராது, நம்பர் மட்டும் தான். ஸ்மோல் நம்பர் ரூல் இருக்கு. அஞ்சுக்குக் கீழ ஏதாவது எண்டா ஸ்டார் போட்டுருவம்."

"அப்ப ஒண்டும் தெரியாது."

"தெரியாது. ஏன், நீங்க தானே தெரிய வேணும் எண்டு சண்டை பிடிச்சது?"

அவன் சிரித்து வைத்தான். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டான். லண்டனில் எத்தனை தமிழர். மறுக்கப்பட்டவன் ஸ்ட்ரெதமில் இருக்கலாம், ஹரோவில் இருக்கலாம். அதற்கும் மேலே ஒரு நட்சத்திரம் போட்டு மூடிவிட்டால் யாருக்கு என்ன விளங்கப்போகிறது?

இப்போது கம்சிகா தாள்களைச் சுற்றிக் கொடுத்தாள். இரண்டு பக்கம், சின்ன எழுத்து. ஒசேய் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். பாலேந்திரா நேரே அந்த வரிக்குப் போனான்.

தமிழர். விண்ணப்பம் 11. வழங்கியது 7. மறுத்தது, நட்சத்திரம். முக்கிய காரணம், மருத்துவம். நிலுவையில் 0.

முதலில் நட்சத்திரத்தைத்தான் பார்த்தான். பதினொன்றில் ஏழு போனால் நாலு என்று எவனும் கழிக்கலாம். பரவாயில்லை, நாலு பேரில் ஒருவன். மூச்சு வந்தது. பிறகுதான் கடைசிக் கட்டம் கண்ணில் பட்டது.

பூச்சியத்துக்கு நட்சத்திரம் இல்லை. ஆளில்லாத இடத்தில் யாரை மறைப்பது? ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எல்லாவற்றையும் மூடிவிட்டு, பூச்சியத்தை அப்படியே அம்மணமாக விட்டிருந்தார்கள். ஒரு தமிழனின் விண்ணப்பமும் பொலிஸில் கிடக்கவில்லை. எல்லாம் முடிவாகிவிட்டது, ஒவ்வொரு ஞாயிறும் அவன் பெண்டிங் என்று சொன்னதும்கூட.

பத்மநாதன் எந்தத் தாளையும் மருந்துச் சீட்டுப் போலத்தான் வாசிப்பார். பேனா மூடியை வரிக்குக் கீழே வைத்து இடமிருந்து வலமாக நகர்த்துவார். இப்போதும் அந்த மூடி போய்க்கொண்டிருந்தது. பதினொன்று. ஏழு. நட்சத்திரத்தில் கொஞ்சம் நின்றது. மருத்துவத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு பூச்சியத்துக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. கீழே பிள்ளைகள் ஒன்றாகக் கத்தி ஒன்றாக உதைத்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் பரவாயில்லை என்று பாலேந்திராவுக்கு இருந்தது.

டாய்ல் தொண்டையைச் செருமினார். பதினொரு பேர் என்பது மிகச் சிறிய தொகை, நட்சத்திரம் போட்டாலும் கழித்துப் பார்ப்பார்கள், சிலருடைய அந்தரங்கம் வெளியே வரலாம், ஆகவே இந்த வரியைப் பழையபடி 'மற்றைய ஆசியர்' என்பதோடு சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன் என்றார்.

இந்த இடத்தில் பத்மநாதன் பாய வேண்டும். இரண்டு வருடமாக அப்படித்தான். டாய்ல் வாயைத் திறந்தால் பத்மநாதன் மேசையில் விரலால் தட்டத் தொடங்கிவிடுவார். ஹெலனும் அதற்கு ஆயத்தமாக அவரைப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது," என்றார் பத்மநாதன் ஆங்கிலத்தில். "சேர்த்துவிடலாம்."

ஹெலன் பேனாவை நிறுத்தினார். டாய்லே கொஞ்சம் திகைத்துப்போனார்.

பாலேந்திராவுக்குக் காது சுட்டது. அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கி, இரக்கப்பட்டு, குடிசன மதிப்புக் காலத்தில் இருந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த வரியை அவனுக்காக விட்டுக்கொடுக்கிறார். சும்மா இருந்தால் போதும். வரி போய்விடும். சுஜீத்துக்கோ ரதீசனுக்கோ றூபினிக்கோ தெரியவராது. பத்மநாதன் வெளியில் சொல்கிற ஆளில்லை. கடைக்கு வருகிறவர்களின் எத்தனையோ நோய் வருத்தங்களை வயிற்றுக்குள் வைத்திருக்கிற மனிசன்.

அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. அந்த வயிற்றுக்குள் தானும் ஒரு வருத்தமாகப் போய்க் கிடப்பது.

"நான் உடன்படவில்லை," என்றான். குரல் தேவைக்கு மேலே போயிற்று. "சித்திரையில் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். தனி வரியாகப் போடுங்கள். மருத்துவம் என்ற காரணத்தையும் போடுங்கள். பதினொரு பேரில் நாலு பேரை ஒரே காரணத்துக்கு மறுத்தால், ஏன் என்று யாராவது கேட்கட்டும்."

"அந்த நாலு பேரையும் யோசியுங்கள்," என்றார் டாய்ல். "அவர்கள் இதை விரும்புவார்களா?"

"ஒருவன் விரும்புவான்."

மேசைக்குக் கீழே பத்மநாதனின் கை அவனுடைய முழங்காலை ஒரு தடவை அழுத்தி, எடுத்தது. அவன் காலைத் தள்ளி வைத்தான்.

தனி வரி இருக்கட்டும் என்பதற்கு வாக்கெடுத்தார்கள். பாலேந்திரா கையைத் தூக்கினான். ஒசேய், தன் மருமகனுக்கும் இதே காரணத்துக்கு மறுத்ததாகச் சொல்லிக்கொண்டே தூக்கினார். பத்மநாதன் தூக்கவில்லை. இரண்டுக்கு ஒன்று. திங்கட்கிழமை வெளியீடு என்று ஹெலன் எழுதினார்.

படியில் இறங்கும்போது கம்சிகா பின்னால் வந்தாள். "அங்கிள், மண்டே காலமை வெப்சைட்டில போயிரும். ஷுவரா?"

"ஓம் பிள்ளை. போடு."

பத்மநாதனின் கார் சூடாக இருந்தது. சிங்ஃபோர்ட்டில் அவர் வீடு வரைக்கும் இருபது நிமிடம். அவர் வீதியையே பார்த்து ஓட்டினார். பாலேந்திரா கண்ணாடியைத் திறந்தான், மூடினான், திரும்பத் திறந்தான்.

"பிரேக்கில ஒரு சத்தம் கேக்குது," என்றான்.

"எனக்குக் கேக்கேல்லை."

"முன் இடப்பக்கம். பாக்க வேணும்."

"பாப்பம்."

கூட்டம் முடிந்தால் பத்மநாதன் வீட்டில் தேநீர் என்பது வழக்கம். தேநீரோடு, ஞாயிற்றுக்கிழமைக்காகத் துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடுவதும் வழக்கம். சுஜீத்தும் ரதீசனும் தங்களுடையவற்றைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். பத்மநாதனுக்கு அந்தப் பொறுமை இல்லை. மருந்துக் குளிசையை எண்ணுகிற கைக்கு இரும்பு வசப்படாது என்பார். அவருடையதைப் பாலேந்திராதான் துடைப்பான். மாடியில் சின்ன அறையில் சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டி. சாவி, அலுமாரிக்கு மேலே, பழைய பிஸ்கட் ரின் ஒன்றுக்குள். உரிமம் உள்ளவனைத் தவிர வேறு எவருக்கும் அந்த இடம் தெரியக்கூடாது என்பது சட்டம். "நீ எடு, என்ர முழங்கால் ஏறாது," என்று இரண்டு வருடமாகப் பத்மநாதன் கீழே இருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

வீடு இருட்டாக இருந்தது. அவருடைய மனைவி மகளைப் பார்க்க ஸ்ட்ரெதமுக்குப் போயிருந்தார். பத்மநாதன் கேத்தலைப் போட்டார்.

"நீ இரு. ஒரு நிமிசம்," என்றார்.

படியேறினார். முழங்கால் ஏறியது. பாலேந்திரா குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். காரின் கீழே கிடந்து காதால் வேலை செய்கிறவன் அவன். எந்தச் சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அலுமாரிக் கதவு. பிஸ்கட் ரின்னின் மூடி. ஒரு சின்ன உலோகச் சத்தம். பிறகு வேறெங்கோ ஒரு மேசை லாச்சி இழுபட்டு மூடியது.

அவர் வெறுங்கையோடு இறங்கி வந்தார். கேத்தல் கொதித்து நின்றிருந்தது.

"எப்ப வந்தது கடிதம்?"

"ஆடியில."

"மூண்டு மாசம். ஒவ்வொரு ஞாயிறும் பெண்டிங் எண்டு சொன்னனி."

"ஓம்."

"என்ன மருத்துவம்?"

பாலேந்திரா சொன்னான். பிளேஸ்டோ அறை, டொக்டர், பிளாட்பாரம், ரயில். கார் ஒன்றின் பிழைகளை வாசித்துக் காட்டுவது போல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"என்ன குளிசை தந்தவங்கள்?"

"பேர் ஞாபகமில்லை. வெள்ளை."

"எத்தினை மில்லிகிராம்?"

"அண்ணை, நான் இப்ப உங்கட கடைக்கு வரேல்லை."

பத்மநாதன் தேநீரை ஊற்றினார். சீனியை அவனுக்கு இரண்டு கரண்டி போட்டார். அவன் ஒரு கரண்டிதான் போடுகிறவன் என்பது அவருக்குத் தெரியும்.

"இவ்வளவு காலம் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லையே, பாலா. நான் என்ன பிறத்தியானோ?"

"சொல்லியிருந்தா, சாவி கிடக்கிற இடத்தைக் காட்டியிருப்பியளோ?"

பத்மநாதன் கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றினார்.

"சட்டம் எண்டு ஒண்டு இருக்கெல்லே," என்றார் கடைசியாக. "உனக்குத் தெரிஞ்சிருந்ததே பிழை. அது என்ர பிழை. இப்ப உன்னை மறுத்திட்டாங்கள் எண்டு தெரிஞ்ச பிறகும் அப்பிடியே விட்டா, என்ர உரிமமும் போயிரும். அதுக்காகத்தான் சாவியை மாத்தினனான். வேற ஒண்டும் நினையாதை."

"நான் ஒண்டும் நினைக்கேல்லை."

"நீ ரெண்டு வருசமா அதைத் துடைச்சனி. ஒரு நாள் ஒரு பிழை நடந்ததோ? இல்லை. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் மாத்தினியள்."

பாலேந்திரா ஒரு வாய் தேநீர் குடித்தான். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. பாலேந்திரா அவருடைய இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். பெயில் போட வேண்டிய இடத்தில் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று கராஜில் புதிதாக வருகிறவர்களுக்கு அவனே சொல்லிக் கொடுக்கிறவன்.

"றூபினிக்குத் தெரியுமோ?"

"இண்டைக்குத் தெரியவரும். திங்கட்கிழமை சுஜீத் பாப்பான். அவனுக்கு எண்ணத் தெரியும்."

"நான் சேர்த்துவிடச் சொன்னன். நீதான் வீம்புக்குக் கையைத் தூக்கினனி."

"ஓம். நான்தான்."

"ஏன்ராப்பா?"

பாலேந்திரா யோசித்தான். "அந்த வரியை நான்தானே கேட்டனான்," என்றான்.

அவன் கோப்பையைக் கழுவி வைத்தான். கைகள் சும்மா நிற்க மாட்டோம் என்றன. வழக்கமாக இந்த நேரத்தில் அவற்றில் எண்ணெய் இருக்கும். நடைபாதையில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே கேட்டான்:

"ஞாயிற்றுக்கிழமை?"

"முழங்கால் சரியில்லை," என்றார் பத்மநாதன். "பாப்பம். நான் எடுக்கிறன்."

"பிரேக்கை மறக்காதேங்கோ. முன் இடப்பக்கம். கராஜுக்குக் கொண்டுவாங்கோ."

"ஓம், ஓம். நான் உன்னைக் கொண்டுபோய் விடட்டோ? குளிருது."

"இல்லை அண்ணை. நடக்கிறன்."

பத்மநாதன் அவனுடைய தோளைத் தொட்டார். கை அங்கே கொஞ்சம் அதிகநேரம் இருந்தது, வருத்தக்காரரைத் தொடுகிற மாதிரி. "வீட்டை போய் ஒரு போன் எடு, என்ன? மறக்காதை. போனவுடன எடு."

இரண்டு வருடத்தில் இந்த வீட்டில் இருந்து போகும்போது அப்படி அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

பாலேந்திரா படியிறங்கினான். சிறு முற்றத்தில் குப்பைத் தொட்டிகளைக் கடந்து படலையைத் திறந்தான். அந்த வீட்டு முன்கதவை இரவு படுக்கப்போகும் வரை பூட்டுவதில்லை. கொழுவி மட்டும் விழும், அவ்வளவுதான். யாரும் வரலாம் என்று பத்மநாதன் சொல்லிக்கொள்வார், ஏதோ பெருமை போல. மணி இன்னும் எட்டரை ஆகவில்லை.

பின்னால் கதவு சாத்தப்பட்டது. கொழுவி விழுந்தது. அவன் படலையில் கை வைத்தபடி நின்றான். சாவி பூட்டுக்குள் போய் ஒரு தரம் திரும்பியது, பிறகு இன்னொரு தரம். கடைசியாகச் சங்கிலி.